நாபாவுக்கு அடுத்து எங்கே? அமெரிக்காவின் நான்கு சின்ன ஒயின் வட்டாரங்கள்

அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இன்று ஒயின் தயாரிக்கிறார்கள். ஆனால் கடை அலமாரியில் கண்ணில் படுவது பெரும்பாலும் கலிஃபோர்னியாதான். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை வாஷிங்டன், ஆரிகன், நியூயார்க் மூன்றும் எடுத்துக்கொள்கின்றன. கலிஃபோர்னியாவின் பேர்போன ஒயின் வட்டாரங்களான நாபாவையும் சொனோமாவையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ‘இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் அதே கபர்னே சிவப்பு ஒயினை அதே விலைக்குத் திரும்பக் குடிக்க வேண்டாம்’ என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒயின் தொழிலில் இருப்பவன் இல்லை, ஆர்வத்தால் தேடிப் போகிறவன்.

மூன்று நாள் விடுமுறை, ஒரு கார், அளவான செலவு என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கின் ஃபிங்கர் லேக்ஸ், வர்ஜீனியாவின் மான்டிசெல்லோ, டெக்சஸின் ஹில் கன்ட்ரி, மிசௌரி ஆற்றங்கரையில் ஹெர்மனும் அகஸ்டாவும். இந்த நான்கில் எதை முதலில் பார்ப்பது?

விலையையும் தூரத்தையும் வைத்து மட்டும் முடிவு செய்யலாம்தான். ஆனால் எனக்கு வேறொரு கேள்வி அதிகம் உதவியிருக்கிறது. அந்த ஊரில் திராட்சைக் கொடிக்கு எதிரி யார்? நாபாவில் கோடை முழுக்க மழை இல்லை, வெயிலுக்குக் குறைவில்லை, குளிர்காலமும் கொடியைக் கொல்லாது. மற்ற இடங்களில் ஏதாவது ஒன்று கொடியின் உயிரை வாங்கிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் குளிர், ஓரிடத்தில் ஈரம், இன்னோர் இடத்தில் ஆலங்கட்டி. அதைச் சமாளிக்க அங்குள்ளவர்கள் எந்த ரகத்தை நட்டார்கள், எந்தச் சரிவில் நட்டார்கள் என்பதுதான் கிளாஸில் ருசியாக வந்து நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால், ஊற்றித் தருபவரிடம் கேட்க நம்மிடம் உருப்படியான கேள்விகள் இருக்கும். சின்ன ஒயினரிகளில் ஊற்றித் தருபவரே பல நேரம் தோட்டத்துக்காரராக இருப்பார். பெரிய ஊர்களில் கிடைக்காத வசதி அது.

ஃபிங்கர் லேக்ஸ்: எதிரி குளிர்

நியூயார்க் மாநிலத்தின் நடுவே, வடக்கு தெற்காக விரல் விரலாக நீண்டு கிடக்கும் 11 ஏரிகள். பனியுகத்தில் பனிப்பாறைகள் நகர்ந்து தோண்டிய பள்ளங்கள் அவை. ஒயினுக்கு முக்கியமானவை செனிகா, கயூகா, கியூக்கா. செனிகாவின் ஆழம் 180 மீட்டருக்கும் மேல். அதன் அடித்தரை கடல் மட்டத்துக்கும் கீழே போகிறது.

அந்த ஆழம் இல்லாவிட்டால் இங்கே ஒயினே இல்லை. கோடையில் அவ்வளவு தண்ணீரும் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் செனிகா அநேகமாக முழுதாக உறைவதே இல்லை. கரையோரச் சரிவுகளில் காற்று சில டிகிரி சூடாகவே இருக்கும். வசந்தத்தில் கதை தலைகீழ். சில்லென்ற ஏரி கொடியின் மொட்டு சீக்கிரம் விரியாமல் தடுக்கிறது. தாமதமாக வரும் உறைபனிக்கு இளந்துளிர் பலியாகாமல் இருப்பது அதனால்தான். கரையை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் இந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடும். செனிகாவின் தென்கிழக்குக் கரையில், ஹெக்டர் பக்கத்தில், கொஞ்சம் கூடுதலாகச் சூடு தங்கும் ஒரு பட்டையை உள்ளூரில் ‘வாழைப் பட்டை’ என்றே அழைக்கிறார்கள். வாழை ஒன்றும் அங்கே விளையாது. சிவப்பு ரகங்கள் பழுக்கும், அவ்வளவுதான். ஏரியும் எல்லா வருடமும் காப்பாற்றிவிடாது. 2023 மே மாதம் நடுவில் அடித்த உறைபனியில் நிறையத் தோட்டங்கள் அந்த வருட விளைச்சலில் பெரும்பங்கை இழந்தன.

இந்த ஊரின் கதையை ஒரு மனிதரைச் சொல்லாமல் சொல்ல முடியாது. கான்ஸ்டன்டீன் ஃப்ராங்க் உக்ரைனில் திராட்சை ஆராய்ச்சி செய்தவர். 1951-இல் அமெரிக்கா வந்தபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது; கிடைத்த கூலி வேலைகளைச் செய்தார். அப்புறம் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஊரிலிருந்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் எடுபிடி வேலை. ஐரோப்பிய ரகங்கள் இந்தக் குளிரைத் தாங்காது என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். இதைவிடக் குளிரான இடத்தில் தான் வளர்த்திருக்கிறேன், சரியான வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டினால் பிழைக்கும் என்றார் இவர். அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர், பிரான்ஸின் ஷாம்பேன் வட்டாரத்திலிருந்து வந்து கோல்ட் சீல் ஒயினரியை நடத்திக்கொண்டிருந்த ஷார்ல் ஃபூர்னியே. ஃப்ராங்க் 1962-இல் கியூக்கா ஏரிக்கரையில் சொந்த ஒயினரி தொடங்கினார். இன்று அவர் குடும்பத்தின் நான்காவது தலைமுறை அங்கே வேலை செய்கிறது. ரீஸ்லிங் என்ற வெள்ளை ரகத்தோடு சேர்த்து ஜார்ஜியா நாட்டு ரகங்களான சபெராவியையும் ரிகாட்ஸிடெலியையும் அங்கே ருசி பார்க்கலாம். ஏரிகளுக்கு வந்த இன்னொருவர் ஹெர்மன் வீமர். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து வந்து, செனிகாவின் மேற்குக் கரையில் 1979-இல் தன் பெயரில் ஒயினரி திறந்தார்.

இவர்களுக்கு இணையாக ஒரு சட்டமும் முக்கியம். 1976-இல் நியூயார்க் கொண்டுவந்த பண்ணை ஒயினரிச் சட்டம், சின்ன விவசாயிகள் தங்கள் திராட்சையை ஒயினாக்கி நேராக வாடிக்கையாளருக்கு விற்க வழி திறந்தது. அதுவரை பெரிய கம்பெனிகள் வாங்கினால்தான் பிழைப்பு என்று இருந்தவர்கள் அவர்கள். நாம் இன்று போய் நிற்கும் ருசி அறைகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தால் வந்தவை.

இங்கே குடிக்க வேண்டியது ரீஸ்லிங். குளிர் ஊரில் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு குறையாமல் நிற்கிறது. அந்தப் புளிப்பு இருப்பதால்தான் ஒரே ரகத்தை எலும்பாக வறண்ட, அதாவது இனிப்பே இல்லாத, ஒயினாகவும் லேசான இனிப்போடும் நல்ல தித்திப்பாகவும் எடுக்க முடிகிறது. ரீஸ்லிங் என்றாலே இனிப்பு என்று ஒதுக்குகிறவர்கள் பாட்டிலின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வறட்சியிலிருந்து இனிப்பு வரை கோடு போட்டு, இந்த ஒயின் எங்கே நிற்கிறது என்று பல ஒயினரிகள் குறித்திருக்கும். ஒரே வருடம், ஒரே ஒயினரி, மூன்று வேறு தோட்டங்களிலிருந்து மூன்று வறண்ட ரீஸ்லிங் வாங்கி அருகருகே வைத்துக் குடித்துப் பாருங்கள். மண்ணும் சரிவும் ருசியை மாற்றும் என்று கேள்விப்பட்டதை நாக்கில் உணர இதைவிடத் தெளிவான வழியை நான் கண்டதில்லை. மரப்பீப்பாயின் வாசனை அதிகம் குறுக்கே வராததும் ஒரு காரணம்.

சிவப்பில் கபர்னே ஃப்ராங்க் நன்றாக வருகிறது. மெல்லிய உடம்பு, கொஞ்சம் பச்சை மிளகாய், கொஞ்சம் செர்ரி. கனமான சிவப்பு மட்டும்தான் பிடிக்கும் என்பவருக்கு இந்த ஊர் ஏமாற்றம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. கான்கார்டு, கடாபா போன்ற அமெரிக்க நாட்டுத் திராட்சைகளின் ஒயினும் கிடைக்கும். திராட்சை ஜூஸ் பாட்டிலைத் திறந்தால் வருமே, அதே வாசனை. ஒரு முறை ருசித்துப் பார்ப்பதில் தவறில்லை. இலையுதிர்காலத்தில் நேப்பிள்ஸ் என்ற சின்ன ஊரில் கான்கார்டு திராட்சையில் செய்யும் பை அதைவிட நல்ல வழி.

நியூயார்க் நகரத்திலிருந்து நாலரை, ஐந்து மணி நேர ஓட்டம். பஸ் ரயிலை நம்பி இங்கே ஒன்றும் பார்க்க முடியாது.

மான்டிசெல்லோ: எதிரி ஈரம்

வாஷிங்டன் டி.சி.யிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூட ஓட்டினால் ஷார்லட்ஸ்வில். அதைச் சுற்றி, ப்ளூ ரிட்ஜ் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் வட்டாரத்துக்கு அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் மாளிகைப் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1984-இல் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற வட்டாரம் இது.

வர்ஜீனியாவின் ஒயின் ஆசை மிகப் பழையது. 1619-லேயே ஒவ்வொரு குடும்பத் தலைவனும் வருடம் பத்துக் கொடி நட வேண்டும் என்று காலனிச் சட்டமன்றம் சட்டம் போட்டது. பலன் எதுவும் இல்லை. 1773-இல் இத்தாலியிலிருந்து வந்த ஃபிலிப்போ மாத்சேய், ஜெஃபர்சன் கொடுத்த ஊக்கத்தில் பக்கத்து நிலத்தில் கொடி நட்டார். உறைபனி ஒரு பக்கம் அடித்தது. சுதந்திரப் போரின்போது சிறைபிடிக்கப்பட்டு அங்கே குடியிருந்த ஜெர்மானியத் தளபதியின் குதிரைகள் மிச்சத்தை மிதித்து நாசமாக்கின. ஜெஃபர்சன் தன் வாழ்நாள் முழுவதும் முயன்றும், தன் நிலத்துத் திராட்சையில் உருப்படியான ஒயின் எடுக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் வேரைத் தின்ற ஃபிலாக்செரா பூச்சியும், இலையையும் காயையும் கருக்கிய பூஞ்சை நோய்களும்தான் காரணம் என்று புரிய இன்னும் நூறு வருடம் ஆனது.

பூச்சிக்கு ஒட்டுக் கட்டுவது தீர்வு. பூஞ்சைக்கு அப்படி ஒரே தீர்வு கிடையாது. வர்ஜீனியாவின் கோடை புழுக்கமானது. அறுவடை நேரத்தில் கடலோரப் புயல்களின் மழை வேறு வந்து சேரும். எனவே இங்கே ரகத் தேர்வுதான் எல்லாம். தோல் தடித்ததா, குலை நெருக்கமில்லாமல் காற்றுப் போகிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிரான்ஸின் தென்மேற்கு மூலையிலிருந்து வந்த பெட்டி மான்சேங் அப்படித்தான் இங்கே குடியேறியது. சின்ன மணி, தளர்ந்த குலை, மழையிலும் அழுகாது. பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தில் மற்ற ரகங்களோடு துளியாகக் கலக்கும் பெட்டி வெர்டோ இங்கே தனி ஒயினாகவே வருகிறது. கரு நிறம், நல்ல துவர்ப்பு. வியோனியே என்ற வெள்ளை ரகத்தை 2011-இல் மாநிலத்தின் அடையாள ரகமாகவே அறிவித்தார்கள்.

நவீன வரலாறு தொடங்குவது 1976-இல். இத்தாலியின் ஸோனின் குடும்பம் பார்பர்ஸ்வில் பண்ணையை வாங்கி ஐரோப்பிய ரகங்களை நட்டது. ஜெஃபர்சன் வரைந்து கொடுத்து, 1884 கிறிஸ்துமஸ் அன்று எரிந்துபோன பார்பர் மாளிகையின் செங்கல் சுவர்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. அந்த மாளிகையின் எண்கோண அறையின் பெயரைத்தான் அவர்களுடைய ‘ஆக்டகன்’ என்ற சிவப்பு ஒயினுக்கு வைத்திருக்கிறார்கள். அங்கேயே நெபியோலோவும் கிடைக்கும். அதன் தாயகமான இத்தாலியின் பீட்மான்ட்டுக்கு வெளியே அந்த ரகத்தை இவ்வளவு நன்றாகச் செய்யும் இடங்கள் குறைவு என்பது என் எண்ணம்.

இங்கே பாட்டில் வாங்கும்போது வருடத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2018 முழுக்க மழை. அந்த வருடச் சிவப்பு பலவும் நீர்த்துப்போயிருக்கும். 2017, 2019 இரண்டும் வறண்ட, நல்ல வருடங்கள். கலிஃபோர்னியா ஒயினில் அவ்வளவாகக் கவனிக்கத் தேவைப்படாத இந்தப் பழக்கம் வர்ஜீனியாவில் தானாக வந்துவிடும். அதையே இந்த ஊரின் பெரிய பாடமாக நினைக்கிறேன்.

குழந்தைகளோடு, அல்லது ஒயின் குடிக்காதவர்களோடு போவதானால் நான்கில் இதுவே சௌகரியம். ஜெஃபர்சனின் மாளிகையும் அவர் அமைத்த வர்ஜீனியா பல்கலைக்கழகமும் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்கள். மாளிகைக்குப் போனால், அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் வாழ்ந்து உழைத்த மல்பெரி ரோவையும் நின்று பாருங்கள். ஜெஃபர்சனின் கொடிகளுக்கு மண் வெட்டியவர்கள் அவர்களும்தான். விலையைப் பொறுத்தவரை, நல்ல வர்ஜீனியா சிவப்பு மலிவில்லை. ஒரே தரத்துக்கு ஃபிங்கர் லேக்ஸ் வெள்ளையைவிடக் கணிசமாகக் கூடக் கொடுக்க நேரும்.

டெக்சஸ்: லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும்

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் என்று டெக்சஸில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஹில் கன்ட்ரிக்குப் போய் வந்தவர்களும் நிறைய. ஜான்சன் சிட்டிக்கும் ஃப்ரெடரிக்ஸ்பர்க்குக்கும் நடுவே 290-ஆம் நெடுஞ்சாலையில் வரிசையாக ஒயினரிகள். சனிக்கிழமை மதியம் போனால் பாட்டும் கூட்டமுமாகத் திருவிழா மாதிரி இருக்கும். ஏப்ரலில் சாலையோரம் நீலப் பூக்கள் விரித்துக் கிடக்கும் நேரம் அழகு.

ஆனால் அந்தச் சாலையில் பார்க்கும் கொடிகளுக்கும் கிளாஸில் வரும் ஒயினுக்கும் பல நேரம் தொடர்பு இல்லை. டெக்சஸ் திராட்சையில் மிகப் பெரும்பகுதி விளைவது அங்கிருந்து ஐந்து மணி நேரம் வடமேற்கே, லபக் நகரைச் சுற்றிய ஹை ப்ளெய்ன்ஸ் சமவெளியில். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம், வறண்ட காற்று, குளிர்ந்த இரவு. பருத்திக் காட்டுக்கு நடுவே திராட்சை. எதிரிகள் வரிசையாக நிற்கிறார்கள்: வசந்த உறைபனி, ஆலங்கட்டி, பக்கத்துப் பருத்தி வயலில் அடிக்கும் களைக்கொல்லி காற்றில் மிதந்து வருவது, வற்றிக்கொண்டே போகும் ஒகல்லாலா நிலத்தடி நீர். ஒரே ஆலங்கட்டி மழையில் ஒரு வருட விளைச்சல் போய்விடும். அப்படிப் பற்றாக்குறை வரும்போது வெளிமாநிலத் திராட்சையும் ஒயினும் லாரியில் வந்து சேர்கின்றன.

அதனால் டெக்சஸ் போகிறவர் லேபிள் விதிகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மத்திய விதிப்படி, மாநிலப் பெயர் போட்டிருந்தால் குறைந்தது 75 சதவீதத் திராட்சை அந்த மாநிலத்தில் விளைந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற வட்டாரத்தின் பெயர் இருந்தால் 85 சதவீதம். வெறுமனே ‘அமெரிக்கன்’ என்று இருந்தால் நாட்டில் எங்கிருந்தும் வந்திருக்கலாம். ‘டெக்சஸில் மட்டும் விற்பனைக்கு’ என்று சின்ன எழுத்தில் இருந்தால் திராட்சை எங்கே விளைந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் தோட்டத்தின் பெயரோடு பதில் சொல்கிறவரிடம் வாங்கினால் ஏமாற மாட்டீர்கள். ‘டெக்சஸ் ஹை ப்ளெய்ன்ஸ்’ என்று போட்ட டெம்ப்ரனீயோ, மூர்வேத், வெள்ளையில் ரூசான், வியோனியே இவற்றைத் தேடுங்கள். வெயில் காயும் மத்தியதரைக்கடல் ரகங்கள் இங்கே பொருந்திவிட்டன. கபர்னேயை விட்டு இவற்றின் பக்கம் திரும்பியதுதான் டெக்சஸ் எடுத்த சரியான முடிவு.

டெக்சஸுக்கு இன்னொரு பெருமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்செரா பிரான்ஸின் தோட்டங்களை அழித்தபோது, சுண்ணாம்பு மண்ணிலும் பிழைக்கும் காட்டுத் திராட்சை வேர்ச்செடிகளைக் காட்டிக்கொடுத்தவர் டெனிசன் ஊரைச் சேர்ந்த டி.வி. மன்சன். பிரெஞ்சு அரசு 1888-இல் அவருக்கு விருது கொடுத்தது.

மிசௌரி: கார் இல்லாமலும் போகலாம்

அமெரிக்காவில் முதன்முதலில் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஒயின் வட்டாரம் எது என்று கேட்டால் பலரும் நாபா என்பார்கள். அது மிசௌரியின் அகஸ்டா. 1980 ஜூனில் கிடைத்தது, நாபாவுக்கு 1981-இல். ஆற்றின் எதிர்க்கரையில், மேலே போனால் ஹெர்மன். 1830-களில் ஜெர்மானியர்கள் வந்து அமைத்த ஊர். அங்கே 1847-இல் தொடங்கிய ஸ்டோன் ஹில் ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெரிய ஒயினரிகளில் ஒன்று. 1920-இல் மதுவிலக்கு வந்தது. நிலவறைகளில் காளான் வளர்த்தார்கள். 1965-இல் ஹெல்ட் குடும்பம் எடுத்துத் திரும்ப ஒயினுக்குக் கொண்டுவந்தது. அந்தக் கல் நிலவறைகளை இன்றும் இறங்கிப் பார்க்கலாம்.

மிசௌரியில் குளிர், ஈரம் இரண்டும் சேர்ந்து அடிக்கின்றன. ஐரோப்பிய ரகங்கள் தாக்குப்பிடிப்பது கஷ்டம். எனவே நார்ட்டன், ஷாம்பூர்சின், வினியோல்ஸ் என்று வேறு வரிசை. நார்ட்டன் 1820-களில் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஒரு டாக்டர் தோட்டத்தில் வந்த ரகம். வாழ்வு பெற்றது மிசௌரியில். 2003 முதல் இதுதான் மாநிலத் திராட்சை. மை போன்ற நிறம், பலமான புளிப்பு. முதல் மிடறில் பிடிக்காமல் போகலாம், ஐந்தாறு வருடம் வைத்த பாட்டில் வேறு மாதிரி ருசிக்கும். கபர்னேயைக் கொண்டு எதையும் அளக்கிற நாக்கோடு இங்கே போனால் ஏமாற்றம் வரும்.

ஒரு விஷயத்தில் மற்ற மூன்றையும் மிசௌரி தோற்கடித்துவிடுகிறது. செயின்ட் லூயிஸிலிருந்து ஆம்ட்ராக் ரயில் ஹெர்மனில் நிற்கிறது. இறங்கி நடந்தே ஒயினரிக்குப் போகலாம். அகஸ்டா வழியாக, பழைய ரயில் தடத்தில் போட்ட கேட்டி டிரெயில் சைக்கிள் பாதை போகிறது. யார் ஓட்டுவது என்ற தகராறே இல்லை.

மற்றவை

மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டிக்கு வடக்கே ஓல்ட் மிஷன், லீலனாவ் என்ற இரண்டு தீபகற்பங்கள். ரீஸ்லிங், பினோ பிளாங்க், நுரைக்கும் ஒயின். குளிர்காலத்தில் ஏரிக் காற்று கொட்டும் பனி, கொடிகளைப் போர்த்திக் காக்கிறது. சிகாகோவிலோ டெட்ராய்ட்டிலோ இருப்பவர்கள் ஃபிங்கர் லேக்ஸுக்குப் பதிலாக இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஜூலையில் போனால் செர்ரிப் பழக் காலமும் சேர்ந்துகொள்ளும். அரிசோனாவின் வில்காக்ஸ், ஐடஹோவின் ஸ்நேக் ரிவர் பள்ளத்தாக்கு இரண்டும் எனக்குப் பிடித்தவை. பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வேன், முதல் பயணத்துக்கென்று விமானம் ஏறிப் போகச் சொல்ல மாட்டேன்.

வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஒயினரிகள் பலவற்றின் பாட்டில் அடுத்த மாநிலக் கடைக்கே போய்ச் சேராது. முன்பெல்லாம் தபாலில் வரவழைக்கவும் பல மாநிலங்கள் விடவில்லை. உள்ளூர் ஒயினரி அனுப்பலாம், வெளிமாநிலத்தார் அனுப்பக் கூடாது என்று மிச்சிகனும் நியூயார்க்கும் வைத்திருந்த பாரபட்சத்தை உச்ச நீதிமன்றம் 2005-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லாது என்றது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் ஜுவானிட்டா ஸ்வீடன்பர்க், வர்ஜீனியாவில் சின்ன ஒயினரி நடத்திய பெண்மணி. அவரைப் போன்றவர்கள் போராடியதால்தான் பிடித்த பாட்டிலை இன்று வீட்டுக்கு வரவழைக்க முடிகிறது. இருந்தாலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி இன்னும் மாறுகிறது. உங்கள் மாநிலத்துக்கு அனுப்புவார்களா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, எது முதலில்?

என் ஓட்டு ஃபிங்கர் லேக்ஸுக்கு. மூன்று காரணங்கள். ருசி பார்ப்பது பெரும்பாலும் கண் முன்னே தெரியும் சரிவில் விளைந்தது. ஒரே ரகத்தைப் பத்து விதமாகக் குடித்துப் பழக வேறெங்கும் இவ்வளவு வசதி இல்லை. செலவும் கையைக் கடிக்காது. நாபாவில் ஒருவர் ஒரு மேஜையில் உட்காரக் கொடுக்கும் பணத்தில் இங்கே இரண்டு மூன்று இடங்களில் ருசி பார்த்து ஒரு பாட்டிலும் வாங்கிவிடலாம்.

நம் வீட்டுச் சமையலும் இந்த முடிவின் பக்கம்தான் இருக்கிறது. காரமான குழம்போடு கனத்த சிவப்பு ஒயின் சேராது. ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும். ஆல்கஹால் குறைவான, லேசாக இனிப்புள்ள, புளிப்பு தூக்கலான ரீஸ்லிங்கை நண்டு மிளகு வறுவலோடு குடித்துப் பாருங்கள். வீட்டில் தினம் சமைக்கும் சாப்பாட்டோடு போகும் ஒயினைக் கற்றுக்கொண்டு வருவது எனக்குப் பெரிய லாபம்.

சிவப்பு ஒயினை விட்டுக்கொடுக்க முடியாதவர், கூடவே பெற்றோரையோ குழந்தைகளையோ அழைத்துப் போகிறவர் மான்டிசெல்லோவுக்குப் போகட்டும். யாரும் கார் ஓட்ட விரும்பவில்லை என்றால் ஹெர்மன். டெக்சஸில் குடியிருப்பவர்கள் வெளியே எங்கும் போக வேண்டாம். ஆனால் சனிக்கிழமையை விட்டு வியாழனோ வெள்ளியோ போங்கள். தோட்டத்துக்காரருக்குப் பேச நேரம் இருக்கும்.

ஃபிங்கர் லேக்ஸுக்கு என்று முடிவு செய்தால், செப்டம்பர் கடைசி வாரம் நல்ல நேரம். அறுவடை நடந்துகொண்டிருக்கும், அக்டோபர் வார இறுதிக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது. செனிகா ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஏரிகளையும் சுற்ற ஆசைப்பட்டால் பாதி நேரம் காரில் போய்விடும். ஒரு நாள் மேற்குக் கரையில் 14-ஆம் சாலை, மறுநாள் கிழக்குக் கரையில் 414. நாளுக்கு நான்கு ஒயினரிக்கு மேல் வேண்டாம், ஐந்தாவதில் நாக்கு மரத்துப்போயிருக்கும். துப்பக் கிண்ணம் கேட்டு வாங்கித் துப்புங்கள், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. ஓட்டுகிறவர் கட்டாயம் துப்ப வேண்டும். நியூயார்க்கில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் வந்தாலே குற்றம், அதற்குக் கீழேயும் வழக்கு வரலாம். மூன்றாம் நாள் காலை வாட்கின்ஸ் கிளென் பள்ளத்தாக்கின் அருவிகளுக்கு நடுவே நடந்துவிட்டு, இதாக்கா வழியாகத் திரும்பலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு அங்கே 1973 முதல் நடக்கும் மூஸ்வுட் உணவகம் இருக்கிறது. வாங்கிய பாட்டில்களை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள். அறையைக் காலி செய்யும்போது ஹோட்டல் வரவேற்பில் கொடுத்தால் மதியம் வரை உள்ளே வைத்துக்கொள்வார்கள்.